மறை காத்தலும் முறை காட்டலும்

சபையிற் கூடிப் பேசுவதும், பேசி முடித்ததைக் குறித்து வைப்பதும் வெவ்வேறு செயல்கள். இவற்றை வேறு பிரித்தறியாமையாலேயே பல சங்கங்களில் மனக்கசப்பு விளைகின்றது. சிலர் முடிவுகளையும் மூடி வைத்து ஐயத்தை வளர்க்கின்றனர். வேறு சிலர் உள்ளே நிகழ்ந்த உரையாடலை வெளியிற் பரப்பிப் பிறர் மனத்தைப் புண்படுத்துகின்றனர். பழைய மாணவர் சங்கத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பொறுப்பேற்றிருப்போர்க்கும், நாளை பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மறை எதன்பொருட்டு?

நம் ஊர் சிறியது. தெல்தோட்டைக் கடைவீதியிற் காலையிற் பேசியது மாலைக்குள் தோட்டத்து லயங்களை எட்டிவிடும். வறிய மாணவர்க்கு உதவிப் பணம் வழங்குதல் பற்றி நிருவாக சபை ஆராய்வதாகக் கொள்வோம். தந்தையின் குடிப்பழக்கம், தாயின் நோய், தீராத கடன் முதலியன அங்கே பேசப்படலாம். பேசாது தகுதியை அறிதலும் அரிது. அப்பேச்சு வெளியே சென்றால், மறுநாள் அப்பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து நிற்கும். மானமுள்ள பிள்ளையாயின் உதவியையே மறுத்துவிடும். அதன் படிப்பைக் காக்கக் கூடிய சபையே அதனைக் கெடுத்ததாக முடியும்.

மறை காத்தலுக்கு மற்றுமொரு காரணம் உண்டு. அமெரிக்க நாட்டின் அரசியலமைப்பை வகுப்பதற்காக 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் 55 பிரதிநிதிகள் பங்குபற்றிய மாநாடு நடைபெற்றது. சபையிற் பேசப்படுவனவற்றை அனுமதியின்றி வெளியிடலாகாது என மே மாதம் 29ஆம் நாள் அவர்கள் விதி செய்தனர். ஒவ்வோர் உறுப்பினரும் எப்பக்கம் வாக்களித்தார் என்று பெயர் சுட்டி எழுதும் யோசனைக்கு ரூபஸ் கிங் என்பார் தடை கூறினார். ஆராய்ச்சியின்போது கருத்து மாறுதல் இயல்பு. அவற்றையெல்லாம் எழுதினால் அறிக்கை முரண்பாடுகளால் நிறையும் என்பது அவர் வாதம். சபையும் அதனை ஏற்றது. தாம் முன்னர்ச் சொன்னது ஊரறிந்துவிட்டால், அது பிழையென்று கண்ட பின்னும் அதனைக் கைவிட மனிதர் நாணுவர். மறை இருந்தமையால் அவர்கள் மனம் மாற இடமிருந்தது.

எனினும், செப்டெம்பர் 17ஆம் நாள் பணி முடிந்ததும் முடிவு மறைக்கப்படவில்லை. அரசியலமைப்பு முழுவதும் அச்சிடப்பட்டு மக்கள் முன் வைக்கப்பட்டது. மாநாட்டின் முறையான ஏடு 1819இல் வெளிவந்தது. ஜேம்ஸ் மடிசன் எழுதி வைத்திருந்த விரிவான குறிப்புகள், அவர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின், 1840இலேயே அச்சேறின.

முறை வெளிப்படல்

முடிவேயன்றி, முடிவு காணும் முறையும் ஐயத்துக்கு இடமின்றி விளங்குதல் வேண்டும். இதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியன, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட அவ்வூரில், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு யாவரும் காண உயர்த்துவர். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் அதனை ஏற்று, உரக்கப் படிப்பான். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றோர் ஆவர். இவ்விதிகளனைத்தும் ஊரார் படிக்குமாறு கல்லிற் பொறிக்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

அறிக்கையில் இடம்பெறுவன

ஆகவே, செயலாளர் எழுதும் கூட்ட அறிக்கையில் நாள், இடம், வந்தோர், வாராதோர், பிரேரணை, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எடுத்த முடிவு, செலவிடும் தொகை, அதனை நிறைவேற்றுவோர், முடிக்கவேண்டிய நாள் ஆகியன தவறாது இடம்பெறல் வேண்டும். சினத்திற் சொன்ன சொல்லும், குடும்ப இரகசியமும், பிள்ளையின் நோயும் அதில் வேண்டா. “ஐந்து மாணவர்க்கு உதவி வழங்கத் தீர்மானிக்கப்பட்டது” என்பது பொது அறிக்கைக்குப் போதும். பெயர்ப்பட்டியலைத் தனியேட்டில் எழுதி, பூட்டி வைத்து, அத்தகைய பட்டியல் உண்டென்பதை மட்டும் அறிக்கையிற் குறித்தல் தக்கது. பணம் உரியவரைச் சேர்ந்ததா என்று கணக்காய்வாளர் அதனைக் கொண்டே சரிபார்க்கலாம்.

தம் உறவினர் பற்றிய விடயம் ஆராயப்படுகையில், அவ்வுறுப்பினர் அதனை எடுத்துரைத்து வெளியேறுதல் முறை. அவர் வெளியேறியதும் எழுதப்படல் வேண்டும். உறுதிசெய்த அறிக்கையைப் பின்னர் அழித்தெழுதலாகாது; பிழையிருப்பின் அடுத்த கூட்டத்திலே தீர்மானித்துத் திருத்துக. அறிக்கையின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பும் வழக்கம் அறவே ஒழிதல் நன்று.

மறையின் எல்லை

மறை என்பது குற்றத்துக்குப் போர்வையாகாது. பிள்ளைக்குத் தீங்கு இழைக்கப்பட்டதாகச் சபைக்குத் தெரியவரின், சங்கத்தின் மானங்கருதி அதனை மூடி வைத்தல் பெரும்பாவம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் உடனே அறிவித்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், பொது அதிகார சபைகளிடமுள்ள தகவல்களை மக்கள் கேட்டுப் பெற வழிசெய்து, தனியாள் பற்றிய செய்திகளுக்குக் காப்பளிக்கின்றது. ஆயினும், பொதுநலன் மேலோங்குமிடத்து அக்காப்பும் விலகும்.

எதனை மறைப்பது என்று ஐயுறும்போது, இம்மறைவு யாரைக் காக்கின்றது என்று வினவுக. எளிய பிள்ளையைக் காப்பதாயின் அதனைப் போற்றுக. பதவியிலிருப்போரை வினாவிலிருந்து காப்பதாயின் அதனை நீக்குக. நம் கல்லூரி விழாக் காணும் இவ்வேளையில், சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தை நாளை புரட்டும் மாணவன், எந்தப் பெற்றோரையும் இகழும் சொல் அதிலில்லாமையும், ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்கிருத்தலும் கண்டு மகிழ்வானாக.