டயலைக் கூட்டச் சொல்வார்கள்

அன்புள்ள தம்பி,

ஹட்டன் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். அங்கே உன்னை முதலில் சோதிக்கப் போகிறவர் டீமேக்கர்தான். இரவு இரண்டு மணிக்கு, கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு விசிறி டிரிப் ஆகும். விடிந்தால் ரோலருக்குப் போக வேண்டிய கொழுந்து. "ஓவர்லோட கொஞ்சம் கூட்டி வை தம்பி, கொழுந்து வீணாப் போயிரும்" என்பார்.

நானும் ஒருமுறை கூட்டி வைத்தேன். 5.5 கிலோவாட் மோட்டார். 400 வோல்ட்டில் முழுச்சுமைக்குச் சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். ஓவர்லோட் ரிலேயின் டயலை 16க்குத் தள்ளினேன். விசிறி ஓடியது, பிளேன்டீ வந்தது. மூன்றாம் நாள் மோட்டார் கருகியது. பேரிங் இறுகிக் கிடந்ததைத்தான் ரிலே அவ்வளவு நேரமும் சொல்லியிருக்கிறது. பேனலைத் திறந்தால் வயரின் தோலும் விறைத்துப் பழுப்பேறியிருந்தது.

வயர் ஏன் சுட்டது? 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், குழாயில் தனியாகப் போனால் மூன்று ஃபேஸில் சுமார் 21 ஆம்பியர் தாங்கும். ஆறு சர்க்கியூட் ஒரே ட்ரங்கிங்கில் நெருக்கியடித்துப் போனால் அதை 0.57ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 12. வீட்டு வயரிங்கில், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று கொஞ்சம் சலுகை எடுக்கலாம். வாட்டும் மாடியில் அந்தப் பேச்சே இல்லை. விசிறிகள் எல்லாம் இரவு முழுக்கச் சேர்ந்தே ஓடும்.

குளிர் ஊர்தானே என்றும் இருந்துவிடாதே. அந்த 21 ஆம்பியரைச் சொல்லும் அட்டவணை 30 பாகைக் காற்றுக்கு எழுதியது. ட்ரையர் பக்கத்துப் பேனலுக்குள் ஹட்டன் குளிர் எட்டிப் பார்ப்பதில்லை. மோட்டாரில் எழுதியிருக்கும் கிலோவாட்டும் பொதுவாக 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். ஹட்டன் அதற்கும் மேலே. காற்று மெலிந்தால் மோட்டார் ஆறுவதும் மெதுவாகும்.

பிரேக்கர் இருக்கிறதே என்பாய். மோட்டார் கிளம்பும்போது ஆறேழு மடங்கு இழுக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் பிரேக்கரைப் பெரிதாகப் போடுகிறோம். அது ஷார்ட் சர்க்கியூட்டுக்குக் காவல். மெல்ல மெல்லச் சுடுவதை ரிலேதான் பார்க்கும், மோட்டாருக்கும் சரி, வயருக்கும் சரி.

இன்னொன்று. லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் இருந்து நமக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து ஒரு ஃபேஸ் போவது நமக்குப் புதிதில்லை. அப்போது 8 ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்த விசிறி மற்ற இரண்டு ஃபேஸிலும் 14ஐ நெருங்கும். 11இல் நிற்கும் ரிலே அதைப் பிடித்துவிடும். 16இல் நிற்பது வேடிக்கை பார்க்கும்.

ஆகவே விசிறி நின்றால் முதலில் மெயினை அணைத்து, கையால் சுற்றிப் பார். லேசாகச் சுற்றினால் ஓடவிட்டு, மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டரைப் போடு. இறுகியிருந்தால் டீமேக்கரிடம் நேரே சொல்லிவிடு. கொழுந்தை அடுத்த தொட்டிகளுக்குப் பிரித்துப் போட அவருக்குத் தெரியாதா என்ன?

அடுத்த கடிதத்தில் ஒவ்வொரு விசிறியின் ஆம்பியரையும் எழுது. அவர் திட்டியதை எழுத வேண்டாம், அது எனக்கு மனப்பாடம்.

அன்புடன்,
அண்ணன்