வெந்தயமும் மெட்போர்மினும்

சினைப்பை நீர்க்கட்டி என்று தமிழில் வழங்கும் பி.சி.ஓ.எஸ். பற்றித் தோழியரிடையே பேச்செடுத்தால், இரண்டே நிமிடத்தில் அது வெந்தயத்தில் வந்து நிற்கும். ஊறவைத்த வெந்தயம், பட்டைப் பொடி, புதினாத் தேநீர், மரமஞ்சள் மாத்திரை என ஆளுக்கொரு கைவைத்தியம் வைத்திருக்கிறோம். மறுபக்கம் மருந்தகத்தில் கொடுக்கும் மெட்போர்மின். ‘இயற்கை’ ஒரு கட்சி, ‘கெமிக்கல்’ இன்னொரு கட்சி என்று பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. உயிர்மருத்துவ அறிவியல் பயிலும் மாணவி என்ற முறையிலும், பத்தொன்பது வயதில் இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவள் என்ற முறையிலும் எனக்கு இந்தப் பிரிவினையில் உடன்பாடில்லை.

முதலில் அந்த மாத்திரையின் பிறப்பைப் பார்ப்போம். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெந்தயமும் அதே குடும்பந்தான். கலேகாவில் உள்ள கலெஜின் என்ற வேதிப்பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். ஆனால், நஞ்சு. அதை மேய்ந்து ஆடுகள் இறந்ததுண்டு. கலெஜின் குவானிடின் என்னும் வகையைச் சேர்ந்தது. அவ்வகைப் பொருள்களை வேதியியலார் ஆராய்ந்த வழியில் வந்ததே மெட்போர்மின். 1922-இல் டப்ளினில் தயாரிக்கப்பட்டது. 1957-இல் பிரஞ்சு மருத்துவர் ழான் ஸ்தெர்ன் அதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். ஆக, என் பெரியம்மா வெந்தயத்திற்கு எதிராக நிறுத்தும் மாத்திரைக்கும் மூலம் ஒரு செடிதான். மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து தெரியும். வெந்தயத் தண்ணீரில் தெரியாது. நான் காணும் பெரிய வேறுபாடு இதுதான்.

நோயைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1935-இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களிடம் கண்டதை எழுதினார்கள். மாதவிடாய் தவறுதல், முகத்தில் முடி, பருத்த சினைப்பை. ‘நீர்க்கட்டி’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவை கட்டிகளே அல்ல. முதிர்ந்து வெளியேறாமல் நின்றுபோன சினைமுட்டைகள் தங்கியிருக்கும் சிறு பைகள். நான் இடைநிலைப்பள்ளியில் உயிரியலை மலாய்மொழியில் படித்தவள். ‘ஓவாரி’ தெரியும், சினைப்பை என்ற சொல் அப்போது தெரியாது. என் ஸ்கேன் முடிவை உறவினர் ஒருவர் ‘கர்ப்பப்பையில் கட்டி’ என்று மொழிபெயர்த்துச் சொல்ல, அம்மா அன்றிரவு தூங்கவில்லை. ஒரு சொல் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சான்று அது.

இந்நோய் உள்ள பலருக்கு உடல், இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் இரண்டு வேலை செய்கிறது. சினைப்பையைத் தூண்டி ஆண்பால் இயக்குநீரை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அந்த இயக்குநீரைப் பிடித்துக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உருவாக்குவதைக் குறைத்தும்விடுகிறது. விளைவு: முகப்பரு, முடி உதிர்தல், தவறும் மாதவிடாய். தெற்காசிய மரபினருக்கு, உடல் பருமன் அதிகமில்லாதபோதும் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. ‘ஒல்லியாகத்தானே இருக்கிறாய், உனக்கு ஏன்?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இனி நம் சமையலறைக்கு வருவோம். வெந்தயத்தில் கலக்டோமன்னான் என்ற கரையும் நார்ப்பொருள் உண்டு. சோற்றிலுள்ள மாவுச்சத்து இரத்தத்தில் கலப்பதை அது தாமதப்படுத்தும். இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஓர் அமினோ அமிலமும் உண்டு. எனவே ‘வெந்தயம் சர்க்கரைக்கு நல்லது’ என்பது வெறும் நம்பிக்கையன்று. ஆனால், 2013-இல் வெளிவந்த இரானிய ஆய்வில், மெட்போர்மினுடன் வெந்தயச் சாறும் எடுத்தவர்களையும், மெட்போர்மினுடன் போலி மாத்திரை எடுத்தவர்களையும் ஒப்பிட்டபோது, இன்சுலின் எதிர்ப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு தரப்பும் மெட்போர்மின் எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வெந்தயம் குடிக்கச் சொல்வதற்கு அந்த ஆய்வில் இடமே இல்லை.

பட்டையின் கதை இன்னும் சுவையானது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 45 பெண்களுடன் தொடங்கிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 1.5 கிராம் பட்டை எடுத்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் மாதவிடாய் அடிக்கடி வந்தது. நல்ல செய்திதான். ஆனால், இன்சுலின் எதிர்ப்பு மாறவில்லை. ஆண்பால் இயக்குநீரும் மாறவில்லை. ஆறு மாதமும் முடித்தவர்கள் 17 பேர் மட்டுமே. இதைத்தான் ‘பட்டை பி.சி.ஓ.எஸ்.-ஐக் குணப்படுத்தும்’ என்று படம் போட்டுப் புலனத்தில் அனுப்புகிறார்கள்.

அளவு இங்கேதான் கடிக்கிறது. நம் கடைகளில் ‘காயு மானிஸ்’ என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா இனப் பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் உண்டு. மிகுந்தால் கல்லீரலைத் தாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள மாணவிக்கு 5 மில்லிகிராம். காசியாவில் கிராமுக்குச் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் இருக்கும் என்பது ஜெர்மன் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு. ஆய்வில் கொடுத்த 1.5 கிராம் காசியாவாக இருந்தால், வரம்பை ஒட்டி நிற்கிறது. ‘தினமும் ஒரு தேக்கரண்டி’ என்ற அறிவுரையோ இரண்டரை கிராம், வரம்பைத் தாண்டிவிட்டது. இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. குழம்பில் போடும் ஒரு துண்டுக்கு யாரும் பயப்பட வேண்டாம்.

புதினாவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 2010-இல் வெளிவந்த ஆய்வில், 42 பெண்கள் பங்கேற்றார்கள். ஸ்பியர்மின்ட் புதினாத் தேநீரை நாளுக்கு இருமுறை 30 நாள் குடித்தவர்களுக்கு டெஸ்டோஸ்தெரோன் குறைந்தது. முடி குறைந்ததாக அவர்களுக்குத் தோன்றியது. அளந்து பார்த்தபோது குறையவில்லை. முடியின் வளர்ச்சிச் சுழற்சி மாதக்கணக்கில் நடப்பது. அதற்கு 30 நாள் போதாது. குடிக்கப் பிடித்தால் குடியுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது சோயாவின் முடிவு. நம் வீடுகளில் சோயா என்றாலே ‘ஹார்மோன் கெட்டுவிடும்’ என்று ஒரு பயம். சோயாவிலுள்ள ஐசோபிளேவோன் நம் ஈஸ்ட்ரோஜெனைப் போன்ற வடிவமுடையது. ஏற்பியில் மென்மையாக அமரும். ஈஸ்ட்ரோஜெனின் முழு வேலையையும் செய்யாது. 2016-இல் வெளிவந்த இரானிய ஆய்வில், 70 பெண்களில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் ஐசோபிளேவோன் 12 வாரம் கொடுத்தார்கள். இன்சுலின் எதிர்ப்பும் ஆண்பால் இயக்குநீரும் குறைந்தன. 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் ஐசோபிளேவோன் உண்டு. ஆய்வில் கொடுத்த அளவு, கல்லூரி உணவகத்தில் ஒரு தட்டில் கிடைக்கிறது! அதுவும் புளிக்கவைப்பதால், அந்தப் பொருள் உடல் எளிதில் ஏற்கும் வடிவத்திற்கு மாறியிருக்கும். ஒரே ஓர் ஆய்வுதான், இன்னும் பெரிய ஆய்வுகள் வரவேண்டும். ஆனாலும் பொரித்த கோழிக்குப் பதில் வாரத்தில் சில நாள் தெம்பே எடுப்பதில் இழப்பு ஏதுமில்லை. எண்ணெயில் மூழ்கிய சம்பல் தெம்பேயைச் சொல்லவில்லை.

கொண்டைக் கடலையில் பினிட்டோல் உண்டு. அது இனோசிட்டோலின் நெருங்கிய உறவு. மருந்துக்கடையில் விலையுயர்ந்த பொட்டலத்தில் விற்கிறார்களே, அதே இனோசிட்டோல்தான். கிராம் கணக்கில் கொடுக்கும் அந்தத் தூளுக்கு ஒரு கிண்ணம் கடலை ஈடாகாது. அந்தத் தூளுக்கே சான்று குறைவு என்றும், விரும்பினால் எடுக்கலாம் என்றும் 2023-இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டி சொல்கிறது. எந்த ஒரு குறிப்பிட்ட உணவுமுறையும் மற்றதைவிடச் சிறந்ததல்ல என்றும் அது சொல்கிறது. எனினும், ஈப்போ புந்தோங் ‘கச்சாங் பூத்தே’ கம்பத்திற்குப் பேர்போன நம் சமுதாயம், இரவுச் சந்தையில் அவித்த கச்சாங் குடா வாங்கித் தின்பதற்கு வேறு காரணம் தேவையா? நார்ச்சத்தும் புரதமும் உண்டு, சர்க்கரை மெல்ல ஏறும். அது போதும்.

மரமஞ்சள் வேறு. சமையல் மஞ்சளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதிலுள்ள பெர்பெரின், உயிரணுவுக்குள் மெட்போர்மின் தொடும் அதே பாதையைத் தொடுகிறது. அப்படியானால் அதுவும் மருந்துதானே? கல்லீரல் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தையும் மாற்றும், கருவுற்றவர்கள் எடுக்கக்கூடாது. விடுதித் தோழி ஒருத்தி, அவள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன், இணையத்தில் வாங்கிய மரமஞ்சள் மாத்திரையை நம்பி மெட்போர்மினை நிறுத்தினாள். “மாத்திரை சாப்பிட்டா ஒடம்பு பழகிப் போயிடும்மா” என்று அவளுடைய அத்தை சொன்னதும் ஒரு காரணம். ஐந்து மாதம் மாதவிடாய் வரவில்லை. ‘தொல்லை விட்டது’ என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சினைமுட்டை வெளியேறாவிட்டால் புரோஜெஸ்தெரோன் சுரக்காது. கருப்பையின் உட்படலம் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் புற்றுநோய் அபாயம் உண்டு. 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வரவில்லையென்றால் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

பார்க்கும்போது, வீட்டில் எடுக்கும் எல்லாவற்றையும், வெந்தயத் தண்ணீர் உட்பட, மருத்துவரிடம் சொல்லுங்கள். பொட்டலத்தில் வாங்கும் எதிலும் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின் முடிவில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. நோய் தீரும் என்ற உத்தரவாதம் அந்த எழுத்தில் இல்லை. எண்ணே இல்லையென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.