மடக்கு சைக்கிள் வாங்கிய பிள்ளைக்கு

கண்ணு, ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்ததும் நீ முதலில் மடக்கு சைக்கிள் வாங்கினாய் என்று கேள்விப்பட்டேன். நம் அஞ்செட்டியில் பாதிப் பேர் சிரித்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை. இந்தப் பாதையில் பஸ் ஏறி இறங்கியே தலை நரைத்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வது உன் இஷ்டம்.

1. வீட்டிலிருந்து ஓசூர் வரைக்கும் மிதித்தே காட்டுகிறேன் என்ற வீம்பு வேண்டாம். நம் ஊர் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது, தேன்கனிக்கோட்டை மேட்டில் இருக்கிறது. இடையில் வளைவும் ஏற்றமும் காடும். ராகி முற்றும் ஐப்பசியிலிருந்து தை வரை பன்னேர்கட்டாப் பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கும் என்பது நீ பிறந்ததிலிருந்து கேட்ட கதை. 2014இல் இந்தப் பக்கத்துக் காடுகளைக் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். சரணாலயமோ இல்லையோ, விடியும் முன்னும் இருட்டிய பின்னும் அந்தச் சாலை யானைகளுக்குத்தான் சொந்தம். உன் சைக்கிளுக்கு இரண்டே வேலை: வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை, ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி கேட் வரை. நடுவில் இருப்பதைப் பஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து குதித்த பிரிட்டிஷ் வீரர்களும் மடக்கு சைக்கிள் கொண்டுபோனார்கள். அவர்களுக்கும் வானத்துத் தூரத்தை விமானம்தான் கடந்து கொடுத்தது.

2. பஸ் வருவதற்கு முன்பே மடித்து வைத்துக்கொண்டு நில். படிக்கட்டில் நின்று தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினால் பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் உனக்கு எதிரி. ஏறியதும் "அண்ணா, இதை எங்கே வைக்கட்டும்?" என்று கண்டக்டரைக் கேள். நீயாக இடம் பிடிக்காதே. லக்கேஜ் டிக்கெட் கேட்டால் கொடுத்துவிடு. 'மடிச்சா இது பைதானே' என்று சட்டம் பேசி ஜெயித்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அதே பஸ் அவனைப் பார்த்ததும் நிற்காமல் போனது. ஆடுகிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும்.

3. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி கோயிலுக்குக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, சந்தன நிறப் பட்டுப்புடவை. பக்கத்தில் மடித்து நிறுத்திய சைக்கிளின் செயின் வெளிப்புறமாக இருந்தது. ஒரு வளைவில் பஸ் சாய்ந்தது, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கறை. அந்த அம்மா திட்டவில்லை. கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தார், கறை இன்னும் அகலமாகப் பரவியது. சைக்கிள்காரப் பையன் இறங்கும்வரை தலை நிமிரவே இல்லை. அதனால் சொல்கிறேன், பழைய லுங்கி ஒன்றைப் பை மாதிரி தைத்து வைத்துக்கொள். மடித்தவுடன் அதற்குள் சைக்கிளை இறக்கு. செயின் எப்போதும் உன் கால் பக்கம் இருக்கட்டும். கறை பட்டால் உன் பேண்ட்டில் படட்டும்.

4. பதறாத காரியம் சிதறாது. நடுக்கீல், ஹேண்டில் தண்டின் தாழ்ப்பாள், சீட்டுக் கம்பியின் பிடி மூன்றையும் ஏறும் முன் கையால் தொட்டுப் பார். கண்ணை நம்பாதே, ஆறு மணி ஷிப்ட் அவசரத்தில் கண் பொய் சொல்லும். சின்னச் சக்கரம் சின்னப் பள்ளத்திலும் விழும், அதனால் காற்றைக் குறையவிடாதே. லாரி போகிற சாலையில் கைவிட்டு ஓட்டுவதெல்லாம் கூடவே கூடாது.

5. 'சர்க்கஸ் சைக்கிள்' என்பார்கள். நீயும் சேர்ந்து சிரி. பஸ்ஸில் ஏதாவது குழந்தை வாய் பிளந்து பார்த்தால், இறங்கிய பிறகு ஒரு முறை மடக்கி விரித்துக் காட்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கப் பெண்கள் சைக்கிள் கற்றபோது கேட்காத கேலியா? கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார், பெண்கள் மிதித்துக்கொண்டே போனார்கள். அவர்கள் கேட்டதில் கால்வாசிகூட உனக்கு வராது.

6. ஓசூர் மோட்டார் வண்டி செய்கிற ஊர். டிவிஎஸ் இங்கே, அசோக் லேலண்ட் இங்கே, ஏதர் மின்சார ஸ்கூட்டர் இங்கே. கூட வேலை செய்கிறவர்கள் தவணையில் பைக் எடுப்பார்கள், உன்னையும் எடுக்கச் சொல்வார்கள். நீ எடுக்காமல் இருப்பது உன் கணக்கு. ஆனால் பெட்ரோல் மிச்சம், உடம்புக்கு நல்லது என்று கேண்டீனில் பாடம் எடுக்காதே. சிக்கனத்தைப் பீற்றிக்கொள்கிறவனோடு யாரும் டீ குடிக்க வரமாட்டார்கள். இரவு ஷிப்ட் முடித்து மழையில் நிற்கும்போது உன்னைப் பின்னால் ஏற்றிக்கொள்ளப் போவது அந்தப் பைக்காரன்தான். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் காலையில் ஒரு வணக்கம் வை. சைக்கிள் நிழலில் நிற்பதும் வெயிலில் காய்வதும் அவர் கையில்.

7. நாளைக்கு வேலை எல்லை தாண்டி மாறலாம். 2025 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்தாயிற்று. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பொம்மசந்திரா பக்கம்தான். அந்த மெட்ரோவில் அளவும் எடையும் வரம்புக்குள் இருந்தால் மடக்கு சைக்கிளை ஏற்றலாம். சிங்கப்பூரில் 2016 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கி, 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் மடங்கினால் எந்நேரமும் ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுபோகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நம் பஸ்ஸில் கண்டக்டரின் மனசுதான் அளவு நாடா. உன்னால் அந்த மனசு கோணினால், அடுத்த வருஷம் மடக்கு சைக்கிளோடு வந்து நிற்கிற யாரோ ஒரு பிள்ளைக்குப் பஸ் நிற்காது. அந்தப் பிள்ளை யாரென்று உனக்குத் தெரியவே போவதில்லை. ஆனாலும் அதற்காகவும் நீ ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

8. இரவு ஷிப்ட் முடிந்த காலையில் சைக்கிளை விரிக்காதே. தூக்கம் மிதிக்கிற காலுக்குத் தெரியாது. மடித்தபடியே ஷேர் ஆட்டோவில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போ, அங்கே ஒரு டீ குடி. தேன்கனிக்கோட்டை தாண்டும் முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடு. அதற்கப்புறம் காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது.