பிரித்துப் பொதிசெய்யத்தக்க மின்விசிறியை வடிவமைத்தல்

கடையில் வாங்கும் நிலைக்கால் விசிறி, முச்சக்கரவண்டியின் ஆசனத்தில் வைத்துக் கொண்டுவரக்கூடிய ஓர் அட்டைப்பெட்டியில் வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வீட்டில் பொருத்தியதும் அது உங்கள் தோளுயரத்துக்கு நிற்கிறது. இவ்வாறு பிரித்து அனுப்புவதன் அனுகூலத்தைக் கேட்டால் பலர் “இடம் மிச்சமாகும்” என ஒரு வரியுடன் நிறுத்திவிடுவர். விடை பிழையன்று, ஆனால் எவ்வளவு மிச்சம், அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பவற்றையும் விளக்கினாலே விடை முழுமையாகும்.

முதலில் கணித்துப் பார்ப்போம். பொருத்திய விசிறி ஒன்றுக்கு 45 செ.மீ. × 45 செ.மீ. × 120 செ.மீ. அளவுடைய பெட்டி தேவை எனக் கொள்க. அதன் கனவளவு 0.243 கனமீற்றர். பிரித்த விசிறிக்கு 45 செ.மீ. × 45 செ.மீ. × 24 செ.மீ. பெட்டி போதுமெனின் கனவளவு 0.0486 கனமீற்றர், அதாவது ஐந்திலொரு பங்கு. 20 அடிக் கொள்கலனின் உட்புறம் ஏறத்தாழ 5.90 மீ. நீளமும் 2.35 மீ. அகலமும் 2.39 மீ. உயரமும் கொண்டது. இங்கு கனவளவைக் கனவளவால் வகுத்து விடையெழுத வேண்டாம். பெட்டிகள் நீரைப்போல் இடைவெளியை நிரப்புவதில்லை. நெட்டைப் பெட்டிகளை நிமிர்த்தி வைத்தால் 13 × 5 = 65 மட்டுமே அடங்கும். இரண்டாம் அடுக்குக்கு 2.40 மீ. உயரம் வேண்டும், 1 செ.மீ. போதாமல் போகிறது! எல்லாவற்றையும் படுக்கவைத்தால் 4 × 5 × 5 = 100. சிறிய பெட்டிகளோ 13 × 5 × 9 = 585 அடங்கும். எனவே கனவளவு ஐந்து மடங்கு குறைய, ஏற்றக்கூடிய எண்ணிக்கை ஏறத்தாழ ஆறு மடங்காகிறது.

இந்த எண்ணம் புதியதன்று. மைக்கல் தோனெற் என்பவரின் நிறுவனம் 1859 இல் அறிமுகப்படுத்திய 14 ஆம் இலக்கக் கதிரை, வளைத்த மரத்துண்டுகளைத் திருகாணிகளால் இணைத்துச் செய்யப்பட்டது. பிரித்த நிலையில் 36 கதிரைகளை ஒரு கனமீற்றர் பெட்டியில் அனுப்பினர்.

இனி, விசிறியை எங்கே பிரிப்பது? பிரித்து அனுப்பும்போது தொழிற்சாலையின் இறுதி வேலையை வீட்டிலுள்ளவரிடம் ஒப்படைக்கிறோம். அவர் பயிற்சி பெற்றவரல்லர். செயல்முறைத் தாளை வாசிக்காமலும் விடலாம். ஆகவே பிழையாகப் பொருத்த முடியாத, அல்லது பிழைத்தாலும் ஆபத்து நேராத இடங்களிலேயே மூட்டு அமைய வேண்டும். மோட்டர், தலையை இருபக்கமும் திருப்பும் பற்சில்லுத் தொகுதி, ஆளி, வடம் ஆகியன தொழிற்சாலையிலேயே இணைக்கப்பட்டு மூடப்படுவது இதனாலேயே. 230 வோல்ற்று மின்னிணைப்பு எதையும் பாவனையாளர் தொட நேரிடக் கூடாது.

மற்றவை பிரிக்கத்தக்கவை. முன், பின் பாதுகாப்புக் கூடுகளைச் சிரட்டைகளை அடுக்குவதுபோல் ஒன்றினுள் ஒன்று வைக்கலாம். நிலைக்காலின் உட்குழாயை வெளிக்குழாயினுள் தள்ளிவிடலாம். 45 செ.மீ. பக்கமுள்ள பெட்டியின் மூலைவிட்டம் ஏறத்தாழ 63 செ.மீ. என்பதால் (பைதகரசின் தேற்றத்தை நினைவிற் கொள்க) சற்று நீண்ட குழாயையும் சரித்து வைக்கலாம். பின்கூட்டின் நடுவிலுள்ள துளைகளையும் மோட்டரின் முகத்திலுள்ள சிறு முளைகளையும் பாருங்கள். அவை பொருந்தினாலன்றிக் கூடு இருக்கையில் அமராது. ஒரு வார்த்தையும் எழுதாமல் தரப்படும் அறிவுறுத்தல் இது.

மிகக் கவனமாக வடிவமைக்க வேண்டிய மூட்டு, இறக்கை சுழல்தண்டில் அமரும் இடமாகும். பெரும்பாலான விசிறிகளில் தண்டின் குறுக்கே ஓர் உருக்கு ஊசி இருக்கும். இறக்கையின் பின்புறத் தவாளிப்பு அதன்மேல் அமரும. முறுக்கத்தைக் கடத்துவது இந்த ஊசியே. முன்னாலுள்ள பிளாஸ்ரிக் மூடி இறக்கை கழன்று வராமல் தடுக்க மட்டுமே உதவுகிறது. காற்றை முன்னோக்கித் தள்ளும் இறக்கை, நியூற்றனின் மூன்றாம் விதிப்படி பின்னோக்கித் தள்ளப்படுவதால் ஓடும்போது ஊசியுடன் மேலும் நெருங்குகிறது.

அந்த மூடியைக் கழற்ற முயன்றவர்கள் அது வழமைக்கு மாறாக வலஞ்சுழியாகத் திருப்பும்போதே கழல்வதை அறிவர். அதன் புரி இடக்கைப் புரியாகும். முன்னிருந்து பார்க்கும்போது இவ்விசிறி வலஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆளியைப் போட்டவுடன் தண்டு விரைய, மூடி தன் சடத்துவத்தால் பின்தங்குகிறது. அதாவது தண்டு சார்பாக இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கிறது. இடக்கைப் புரிக்கு அது இறுகும் திசை. சாதாரண வலக்கைப் புரியை இட்டிருந்தால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மூடி சிறிது சிறிதாகத் தளரக்கூடும். துவிச்சக்கரவண்டியின் இடப்பக்க மிதியிலும் இடக்கைப் புரி உண்டு. பின்கூட்டை இறுக்கும் பெரிய நட் சுழலாத பகுதியில் இருப்பதால் அதற்கு வலக்கைப் புரியே போதும். இரண்டையும் குழப்பி எழுதுவது மாணவர் விடும் பொதுவான தவறு.

கூரை விசிறியில் சிக்கல் வேறு. அதன் இறக்கைகள் தனித்தனியே வந்தாலும் நிறை பொருந்தும்படி தொகுதியாகத் தெரிந்து பொதிசெய்யப்படுகின்றன. இரு பெட்டிகளின் இறக்கைகளைக் கலந்துவிட்டால் சமநிலை குலைந்து விசிறி ஆடலாம். இங்கே முளைகளும் துளைகளும் உதவா, ஏனெனில் பிழையான இறக்கையும் நன்றாகவே பொருந்தும். எனவே பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட நேர்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கூறிய சிறிய பெட்டியின் உயரம் 24 செ.மீ. இலிருந்து 27 செ.மீ. ஆனால் அதே கொள்கலனில், அதேபோல் அடுக்கும்போது, எத்தனை பெட்டிகள் அடங்கும்? (விடை: 13 × 5 × 8 = 520)

2. ஆளியை நிறுத்தும்போது மூடி தளராதா என ஒரு மாணவி கேட்கிறாள். விசிறி உடனே நிற்பதில்லை என்பதைக் கருத்திற்கொண்டு விடை தருக.

3. உங்கள் வீட்டு விசிறியின் செருகியைக் கழற்றியபின் அதன் மூட்டுகளை அவதானித்து, பிழையாகப் பொருத்தக்கூடிய ஒரு மூட்டைக் கண்டறிந்து, அதைத் திருத்தும் பரும்படிப் படம் ஒன்றை வரைக.