ஒரே கேம், ஊருக்கு ஒரு விலையா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ‘சைபர்பங்க் 2077’ என்ற கேமை ‘ஸ்டீம்’ ஆன்லைன் கடையில் 2,999 ரூபாய்க்கு வாங்கினான். டொராண்டோவில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு அதே கேம் 80 கனடா டாலர். நம் பணத்தில் ஐயாயிரத்தை ஒட்டி வருகிறது. “அத்தை, அங்கேயே வாங்கி எனக்கு கிஃப்டா அனுப்பிடுங்க” என்கிறான். என் மகனோ, “விபிஎன் போட்டு இருப்பிடத்தை மறைத்து வேறு நாட்டு அக்கவுன்ட் திறந்தால் நம் விலையைவிடவும் மலிவு” என்கிறான். லாரியும் கப்பலும் ஏறாத பொருளுக்கு ஏன் இத்தனை விதமான விலை? பிள்ளைகள் சொல்வதைச் செய்யலாமா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, அண்ணன் மகன் கேட்பது நடக்காது. மகன் கேட்பதைச் செய்யக் கூடாது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

பொறியியலோ மருத்துவமோ படித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய பழைய பாடப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பதிப்பகத்தின் புத்தகமாக இருந்தால் பெரும்பாலும் தாள் மெலிசாக இருக்கும். பின்னட்டையில், இந்தியா, நேபாளம், வங்கதேசம், இலங்கை போன்ற நாடுகளில் மட்டுமே விற்கலாம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அமெரிக்காவில் நூறு டாலருக்கு மேல் விற்கும் புத்தகத்தை நம் மாணவர்கள் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் படித்தது இப்படித்தான்.

கேம் விலையும் அதே கணக்குதான். முதல் பிரதியை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பு வேண்டும். அதன் பிறகு இன்னொரு பிரதி விற்க ஆகும் செலவு மிகச் சொற்பம். அதனால், அந்தந்த ஊரில் வாங்குகிறவர் கையில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்தே விலை வைக்கிறார்கள். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து உருவாக்கிய ‘ஸ்டார்டியூ வேலி’ 2016இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 15 டாலர். அன்றைய மதிப்பில் ஆயிரம் ரூபாய். இந்தியாவில் அது 480 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆயிரம் என்றால் வாங்கியே இருக்க மாட்டார்கள், திருட்டுப் பிரதியைத் தேடியிருப்பார்கள் என்ற நிலையில் இருந்த எத்தனையோ மாணவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். இதில் இரு தரப்புக்கும் லாபம்.

இந்த வசதி நமக்கு எப்போதும் இருந்ததில்லை. ஸ்டீமில் 2015 நவம்பர் வரை இந்தியர்களுக்கும் டாலர் விலைதான். கேமின் விலையை முடிவு செய்வது அதை வெளியிடும் நிறுவனம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பரிந்துரை மட்டும் தருகிறது. எல்லாரும் குறைத்துக் கொடுப்பதில்லை. சோனி தன் பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கு 2020இல் வைத்த 4,999 ரூபாய், 70 டாலரை ஏறக்குறைய அப்படியே ரூபாயாக மாற்றிய தொகைதான். இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம் ஆகியவற்றுக்கு ஸ்டீமில் இன்றும் சொந்த நாணயத்தில் விலை கிடையாது. தெற்காசியாவுக்கென ஒரு தனி டாலர் விலை உண்டு.

இனி உங்கள் மகன் சொல்லும் வழிக்கு வருகிறேன். அந்த வழியில் பலர் போன நாடுகள் அர்ஜென்டினாவும் துருக்கியும். அங்கே பெசோவும் லிராவும் ஆண்டுதோறும் சரிந்தன. 2018 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 4 லிராவுக்கும் குறைவு. 2023 இறுதியில் 29 லிராவைத் தொட்டது. உள்ளூர் நாணயத்தில் எழுதிய விலை அப்படியே நிற்க, டாலர் கணக்கில் அது கரைந்துகொண்டே போனது. இதைப் பார்த்து, அந்த நாட்டுக்காரர்போல் அக்கவுன்ட் திறந்து வெளியாட்கள் வாங்கிக் குவித்தார்கள். 2022 அக்டோபரில் வால்வ் தன் பரிந்துரை விலையை இரு நாடுகளிலும் நான்கு மடங்குக்கு மேல் உயர்த்தியது. 2023 நவம்பர் 20 முதல் பெசோ, லிரா விலைகளையே எடுத்துவிட்டு டாலருக்கு மாற்றியது. நாணயம் ஓயாமல் ஆடுவதுதான் காரணம் என்று வால்வ் சொன்னது. அது உண்மைதான். ஆனால், குறைந்த விலையில் விற்றால் வெளியாள் வந்து அள்ளிப்போவான் என்ற பயம் இருக்கும் இடத்தில் எந்த நிறுவனம் விலையைக் குறைக்கும்? துருக்கியின் அங்காராவில் உங்கள் மகன் வயதில் ஒரு மாணவன் இருப்பான். பணவீக்கத்தில் அப்பாவின் சம்பளம் தேய்ந்த நேரத்தில் அவனுக்கு இருந்த விலையும் போயிற்று.

“காசு கொடுத்து வாங்கியது என் பொருள்தானே?” என்று மகன் கேட்கலாம். புத்தகத்துக்கு அது செல்லும். தாய்லாந்தில் மலிவாக வாங்கிய பாடப் புத்தகங்களை அமெரிக்காவில் விற்ற கிர்ட்சேங் என்ற மாணவருக்குச் சாதகமாக 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்டீமில் வாங்குவதோ விளையாடும் உரிமம் மட்டுமே. இருப்பிடத்தை மறைத்து வேறு நாட்டு விலையில் வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மீறினால் அக்கவுன்ட் முடக்கப்படலாம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த கேம்கள் எல்லாம் அதோடு போகும். கிஃப்ட் விஷயமும் இதேபோலத்தான். இரு நாட்டு விலைகளுக்கு இடையே வித்தியாசம் அதிகம் என்றால் ஸ்டீம் அனுப்பவே விடாது.

செய்யக்கூடியவை இவை. வேண்டிய கேமை ‘விஷ்லிஸ்ட்’டில் போட்டுவிட்டுக் கோடை, குளிர்கால சேல் வரை காத்திருக்கச் சொல்லுங்கள், டொராண்டோ பிள்ளைக்கும் இதுவே வழி. பிடிக்காவிட்டால் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், பணம் திரும்பக் கிடைக்கும். இடைத்தரகர்கள் விற்கும் மலிவான ‘கீ’ (கேமைத் திறக்கும் குறியீடு) பக்கம் போக வேண்டாம்; திருட்டு கார்டில் வாங்கியதாக இருந்தால் கேம் பறிபோகும். நாளை உங்கள் மகன் கனடாவுக்கே படிக்கப் போனால், அங்குள்ள கார்டைக் கொடுத்து முறையாக நாட்டை மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய கேம்கள் கூடவே வரும்.

அந்த 2,999 ரூபாய், பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு மாணவனை நினைத்து வைத்த விலை. அடுத்த ஆண்டு கல்லூரியில் சேரும் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவனுக்குப் புரியும்.