ஷேடி ரெஸ்ட்: எமது அயலில் ஒரு திடல்



தமிழிற் குழிப்பந்தாட்டம் எனப்படும் கோல்ஃப், ஈழத்தில் நாம் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில் எட்டாத ஆட்டமாகவே இருந்தது. நுவரெலியாவில் துரைமார் ஆடுவர். எம்மவர் பை சுமப்பர். அவ்வளவே யாம் அறிந்தது. ஏதிலியாய் வந்து சேர்ந்த இந்நாட்டிலோ, எம் மாணவர் சிலர் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கோல்ஃப் பயிற்சிக்கு ஓடுகின்றனர். பெண்களும் கறுப்பினத்தவரும் ஆசிய வம்சாவளியினரும் இவ்வாட்டத்தில் முன்னினும் பெருந்தொகையாய்ச் சேர்ந்து வருகின்றனர். இந்தக் கதவு எவ்வாறு திறந்தது என்பதே இன்றைய பாடம்.

1896ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்த போட்டி, லோங் ஐலண்டில் உள்ள ஷினகொக் ஹில்ஸ் திடலில் நடைபெற்றது. ஆட வந்தோருள் ஜோன் ஷிப்பன் கறுப்பினத்தவர், வயது 16. ஒஸ்கார் பன் அந்நிலத்தின் பழங்குடியினரான ஷினகொக் இனத்தவர். இவர்கள் ஆடினால் தாம் விலகுவதாக ஏனையோர் மிரட்டினர். சங்கத் தலைவர் தியடோர் ஹவெமெயரோ, அவ்விருவர் மாத்திரமே ஆட நேரினும் போட்டி நடக்கும் என்று கூறிவிட்டார். பிறகென்ன, எல்லோரும் ஆடினர்! முதற் சுற்றில் முன்னணியினருள் ஒருவராய் நின்ற ஷிப்பன், இரண்டாம் சுற்றில் 13ஆம் குழியில் பந்து மணற்பாதையிற் சிக்க, 11 அடிகள் செலவிட்டு வெற்றி வாய்ப்பை இழந்தார்.

ஒரு தலைவர் நேர்மையாய் நின்றதனால் நாட்டு வழக்கம் மாறிவிடவில்லை. தொழின்முறை ஆட்டக்காரர் சங்கமாகிய பி.ஜி.ஏ., வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என 1934இல் விதி எழுதியது. 1961 வரை அவ்விதி நீடித்தது.

அவ்விதிக்கு முன்னரே, எமது நியூ ஜேர்சியின் ஸ்கொட்ச் பிளெயின்ஸ் ஊரில், கறுப்பின முதலீட்டாளர் சிலர் 1921இல் 9 குழிகள் கொண்ட ஒரு திடலைக் கழகமனையுடன் விலைக்கு வாங்கி, 'ஷேடி ரெஸ்ட்' எனப் பெயரிட்டனர். நிழலில் இளைப்பாறுமிடம் என்பது பொருள். பிறர் கழகங்களில் வாயிலையும் தாண்ட முடியாதவர்கள் இங்கே குடும்பத்தோடு வந்து ஆடினர், உண்டனர், டியூக் எலிங்டனின் இசை கேட்டனர். அல்தியா கிப்சன் இங்கே டென்னிஸ் ஆடினார். பின்னாளில், 1964இல், பெண்கள் தொழின்முறைக் கோல்ஃபிற் சேர்ந்த முதற் கறுப்பினப் பெண்ணும் அவரே. ஷிப்பன் 1930களின் தொடக்கம் முதல் 1964 வரை இங்கேயே ஆட்டம் கற்பித்தார், புல்வெளியையும் பேணினார்.

கழகத்துக்குப் பணமுடை ஓயவில்லை. வரி நிலுவையால் 1938இல் நிலம் ஊராட்சியின் கைக்குச் சென்றது. அதன் பின்னும் 26 ஆண்டுகள் அங்கத்தவர்கள் கழகத்தை விடாது நடத்தினர். ஹவெமெயரின் ஒருநாட் துணிவினும் இந்த 26 ஆண்டு இழுபறியே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. வாடகை வகுப்பறையிற் பள்ளி நடத்தும் பெற்றோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஷிப்பன் 1968இல் மறைந்தார். பி.ஜி.ஏ. அவருக்கு உறுப்புரிமை வழங்கியது 2009இல்! 1964 முதல் அத்திடல் 'ஸ்கொட்ச் ஹில்ஸ்' என்னும் பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துள்ளது. பழைய கழகமனையும் நிற்கின்றது. பெற்றோர் கோடை விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வாராக.