இயந்திரத்திற்குக் காற்றூட்டும் முறைகள்: சூப்பர்சார்ஜரும் டர்போசார்ஜரும்

கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கியதால் பெயர் பெற்ற பேத்தமங்களா, கடல் மட்டத்திற்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட பீடபூமியில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் சென்னையில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் முழுச் சுமையைத் தாங்கும் டீசல் இயந்திரம், இங்கு அதே சுமையை ஏற்றால் கரும்புகை கக்கக்கூடும். அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஒரு கிலோகிராம் டீசல் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 14½ கிலோகிராம் காற்று தேவை. காற்று போதாதபோது எண்ணெயை மட்டும் கூட்டினால் புகையும் உஷ்ணமும் மிகுமேயன்றிச் சக்தி மிகாது. உலையில் கரியை மட்டும் கொட்டினால் இரும்பு பழுக்காது என்பதறிந்தே கொல்லன் துருத்தியை ஊதுகிறான். இயந்திரத்திற்கும் அத்தகைய துருத்தி உண்டு. அதை இயந்திரத்தின் சுழல்தண்டே ஓட்டினால் சூப்பர்சார்ஜர் எனவும், வெளியேறும் புகை ஓட்டினால் டர்போசார்ஜர் எனவும் வழங்குவர்.

1. ரூட்ஸ் வகை: அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி இது. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டப் பயன்பட்டது. இரண்டு சுழலிகள் காற்றை வாரி மறுபுறம் தள்ளும். குறைந்த வேகத்திலும் உடனே காற்றுத் தரும். ஆயினும் காற்றை மிகுதியாகச் சூடாக்கும்.

2. திருகு வகை: பின்னிச் சுழலும் இரு திருகுகள் காற்றைக் கருவியினுள்ளேயே நெருக்குகின்றன. ஆதலால் திறன் அதிகம். செய்நேர்த்தியும் விலையும் அதிகம்.

3. மையவிலக்கு வகை: விசிறிச் சக்கரம் காற்றை வெளிநோக்கி வீசும். வேகம் கூடினாலன்றி அழுத்தம் கூடாது.

4. டர்போசார்ஜர்: சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வீணாகிறது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு இது சுழல்கிறது. சுமை ஏறிய பின்னரே முழு வேகம் பெறுவதால் சிறிது தாமதம் நேரும்.

உயரமான இடத்தில் இவற்றின் வேறுபாடு தெளிவாகும். தண்டினால் ஓடும் கருவி ஒரு சுற்றுக்குக் குறித்த கனஅளவையே தள்ளும். காற்று மெலிந்தால் அதன் பயனும் அதே விகிதத்தில் மெலியும். டர்போசார்ஜரோ, வெளியே அழுத்தம் குறைந்திருப்பதால் மேலும் விரைந்து சுழன்று, குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்யும். 1964-இல் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் கோலார் தங்கவயல் தொழிற்சாலையில் செய்யப்படும் புல்டோசர் போன்ற கனரகப் பொறிகளில் இன்று டர்போசார்ஜர் சாதாரணமானது.

இரண்டையும் இணைப்பதும் உண்டு. இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.ஜி.4 வகை டீசல் என்ஜின் இருவீச்சு இயந்திரம் கொண்டது. காற்றை வெளியிலிருந்து ஊட்டாவிடில் அது கிளம்பவே இயலாது. ஆகவே அதன் டர்போசார்ஜரைத் தொடக்கத்தில் பற்சக்கரங்கள் ஓட்டுகின்றன. சுமை ஏறியதும் புகையே ஓட்டத் தொடங்க, கிளட்ச் தானே விலகுகிறது.

களப்பணியாளர் கவனத்திற்கு: பழைய பம்பு இயந்திரத்தில் டர்போசார்ஜரை மட்டும் பொருத்துமாறு விவசாயிக்கு யோசனை கூறலாகாது. 30 பாகை உஷ்ணமுள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்திற்கு நெருக்கினால், சிறந்த கருவியிலும் உஷ்ணம் 95 பாகை சென்டிகிரேடைத் தாண்டும். பிஸ்டன், பேரிங், குளிர்ப்பு ஏற்பாடு, எண்ணெய்ப் பம்பு ஆகிய அனைத்தும் அதற்கேற்ப அமைந்திருக்கவேண்டும். இல்லையேல் சில குதிரைத்திறனுக்காக இயந்திரத்தையே இழக்க நேரிடும். டர்போ அமைந்த இயந்திரத்தையே வாங்குவது நலம். முழுச் சுமையில் ஓடியபின் சில நிமிடம் சுமையின்றி ஓடவிட்டே நிறுத்தவேண்டும். இன்றேல் சூடேறிய பேரிங்கில் மசகெண்ணெய் கருகிவிடும். காற்று வடிகட்டியைத் தூசியின்றி வைத்தலும் அவசியம்.

வகுப்பில் கேட்கத்தக்க வினாக்கள்:

1. நெருக்கிய காற்றைக் குளிர்வித்த பின் சிலிண்டருக்குள் அனுப்புவது ஏன்?

2. அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிக்கும், நாள் முழுதும் ஒரே சுமையில் ஓடும் பம்புக்கும் எவ்வகை ஏற்றது? காரணம் கூறுக.